பூமணிச் சின்னம்மாவின் மகன்

கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு தண்ணீர் வடிகட்டி விற்க வந்த ஒருவர், அக்கா வீட்டில் மத்தியானச் சோறு சாப்பிட்டுவிட்டு, வடிகட்டியை விற்காமலே திரும்பிப் போனதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர் வாசல் படலையடியில் நின்று தொண்டையைச் செருமியதுமே அக்கா கேட்டது விலையை அல்ல.

"மனே, உங்கட அம்மா எந்த ஊரு?"

அவர் வாழைச்சேனை என்றார். அக்கா கண்ணை மூடிக் கொஞ்சம் யோசித்தார். வாழைச்சேனையில் அவருடைய பெரியம்மாவின் மருமகளுக்கு ஒரு தங்கை உண்டு. அந்தத் தங்கையின் புருசன் வீட்டைப் பிடித்து, அங்கிருந்து இன்னும் இரண்டு வீடு தாண்டி, ஐந்து நிமிடத்தில் வந்தவரை மருமகன் ஆக்கிவிட்டார். கந்தோர் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த நான் செருப்பைப் போட்டபடி கேட்டுக்கொண்டு நின்றேன்.

"மருமகனோட நிண்டு விலை பேச எனக்கு வெக்கமா இரிக்கி. கையைக் கழுவித்து வாங்க, சாப்பிடுவம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பாவம் அந்த மனிதர், விற்பனைப் பயிற்சியில் இதற்கு மட்டும் அவருக்குப் பதில் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

அக்காவுக்கு முறை இல்லாத மனிதரே உலகத்தில் கிடையாது. சோதனைச் சாவடியில் நின்ற சிங்களப் பொலிஸ்காரர் தம்பி. மீன் கொண்டுவருகிறவர் சின்னையா. பஸ் நடத்துனர் வயதைப் பொறுத்து அண்ணன் அல்லது மகன். "முறை சொல்லாம ஒருத்தருக்குச் சோறு போட்டா அது பிச்சை" என்பார். "முறை சொல்லிப் போட்டா அவங்க சாப்பிட வந்த ஆக்கள்." ஆகவே யாருக்காவது பசி என்று கண்டால் முதலில் ஒரு முறையைக் கண்டுபிடிப்பார், பிறகுதான் அரிசியைக் கழுவுவார். முறை அகப்படாவிட்டால் செய்துகொள்வார். அப்படிச் செய்துகொண்டவைகளில் மிகப் பெரிய வேலைப்பாடு நான்தான்.

அவரை அக்கா என்று இங்கே எழுதுகிறேன். எழுத எனக்கு உரிமை இல்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன் நான். இருபத்தாறு வயதில் அரசாங்க வேலை கிடைத்து, களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு கந்தோரில் எழுதுவினைஞனாக வந்து சேர்ந்தேன். தங்க அறை தேடிப் போன முதல் இரண்டு வீட்டிலும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "தம்பி என்ன குடி?"

மட்டக்களப்புப் பக்கத்தில் குடி என்பது தாய்வழி வருகிற கூட்டம். தாய் எந்தக் குடியோ பிள்ளைகளும் அந்தக் குடி. ஒரு குடிக்குள் பிறந்த ஆணும் பெண்ணும் அண்ணன் தங்கச்சி, அவர்களுக்குள் கலியாணம் கிடையாது. கோயில் திருவிழாவில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு நாள் உண்டு. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. என்னிடம் இருந்தது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து இலக்கம் ஒன்றுதான். அதைச் சொல்லி அறை கேட்க முடியாது அல்லவா? இரண்டு வீட்டிலும் அறை நேற்றுத்தான் வேறொருவருக்குக் கொடுபட்டுவிட்டதாக மிகவும் மரியாதையாகச் சொன்னார்கள்.

கந்தோர்க் களஞ்சிய அறையில் படுத்தேன். அங்கே நுளம்புகள் குடி கேட்கவில்லை. அந்த வாரமே காய்ச்சல் வந்து, என்னை ஒரு முச்சக்கர வண்டியில் ஏற்றி மட்டக்களப்பு நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். டெங்கு. நகரத்தில் எனக்கு ஒருவரையும் தெரியாது. அம்மாவுக்குச் சொன்னால் அழுதுகொண்டு பஸ் ஏறுவார், வழியெல்லாம் வெள்ளம். சொல்லவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு விவசாயி. அவருக்கும் டெங்கு. அவருடைய மனைவிதான் அக்கா. மத்தியானம் பார்வையாளர் நேரத்துக்கு மணி அடித்ததும் முதல் ஆளாக உள்ளே வருவார். முதல் நாள் புருசனுக்குச் சோற்றைப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்களப் பாக்க ஆரு வாற?"

"ஒருவரும் இல்லை."

"ஒருத்தரும் இல்லாம ஒரு ஆள் இரிப்பாங்களா?" என்று புருசனிடம் கேட்டார், ஏதோ நான் இல்லாத மாதிரி. அடுத்த நாள் எனக்கும் ஒரு பீங்கான் சோறு வந்தது. செப்பலி மீன் ஆணம், அதாவது குழம்பு. மட்டக்களப்பு உறைப்பு என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் அறிந்தேன். மூன்றாம் கவளத்தில் என் கண்ணிலிருந்து தண்ணீர் ஓட ஆரம்பித்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் தன் கண்ணைத் துடைத்தார்.

"அம்மாட நினைப்பு வந்தித்து பாருங்க" என்று புருசனிடம் சொன்னார். அம்மாவின் நினைப்பு வந்த பிள்ளைக்கு இன்னும் ஒரு துண்டு மீன் வைத்தார். உறைப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வாய் எரிந்துகொண்டிருந்தது.

நாலாம் நாள் அவருடைய புருசனுக்குச் சுகமாகி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. அடுத்த நாளும் மணி அடித்ததும் வாசலில் அக்காவின் குரல் கேட்டது. வாசல் காவலாளி அவருடைய ஊர்க்காரர், அதுதான் சிக்கல்.

"என்னக்கா, உங்கட மனுசன் நேத்தே போயித்தாரே. இனி ஆரப் பாக்க?"

"தம்பியப் பாக்க."

"உங்களுக்கு ஏதுகா தம்பி? நீங்க மூணு பேரும் பொம்புளையள்தானே?"

"சின்னம்மாட மகன்."

"எந்தச் சின்னம்மா?"

பிறகு அக்காவின் குரல் கொஞ்சம் தணிந்து வந்தது. "பூமணிச் சின்னம்மா. லொறிக்காரனோட பண்டாரவளைக்குப் போன எண்டு கதைப்பாங்க. அவட மகன்."

காவலாளி நாக்கைச் சப்புக்கொட்டி வழிவிட்டார். ஊரே முப்பது வருடமாகக் கதைத்துக்கொண்டிருந்த ஒரு விடயத்துக்குத் தனக்கு மட்டும் முடிவு தெரிந்துவிட்ட பெருமை அவர் முகத்தில் இருந்தது. அக்கா என் கட்டிலுக்கு வந்து, சோற்றுப் பெட்டியைத் திறந்துகொண்டே மெல்லச் சொன்னார்:

"ஆரும் கேட்டா உன்ட அம்மாட பேரு பூமணி. மறந்திராத."

நீங்கள் நீ ஆகிவிட்டிருந்தது. தம்பி என்றால் அப்படித்தானே.

என் அம்மாவின் பெயர் காமாட்சி. அதை நான் அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒன்றும் அப்பாவி அல்ல. ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தபோது ஊரில் எனக்கு ஒரு அறை இருந்தது, அக்கா வீட்டு முன்னறை. மூன்று வேளைச் சோறு இருந்தது. "என்ன குடி?" என்று கேட்டால் சொல்ல ஒரு பெயரும் இருந்தது. அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன், ஏற்கெனவே பட்டது போதும். பதுளையில் பிறந்து இருபத்தாறு வருடம் வெறும் ஆளாக இருந்தவனுக்கு, ஒரு சோற்றுப் பெட்டியின் பின்னால் நாலு ஊர்ச் சொந்தம் வந்து சேர்ந்தது. வேண்டாம் என்று சொல்ல எவனால் முடியும்?

அந்தச் சொந்தங்களில் மூத்தவர் மாமா. அக்காவின் தாய்க்கும், பண்டாரவளைக்குப் போன பூமணிக்கும் கூடப்பிறந்த அண்ணன். எண்பது வயது, இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. தங்கச்சி லொறிக்காரனோடு போனபோது, இனி இந்த வளவுக்குள் கால் வைக்காதே என்று சொல்லி அனுப்பியவர் இவர்தான். என்னைக் கொண்டுபோய் முன்னால் நிறுத்தியதும் என் முகத்தை இரண்டு கையாலும் தடவினார்.

"அதே மூக்கு" என்றார். பிறகு சத்தமில்லாமல் அழுதார்.

எங்கள் குடித் திருவிழாவில் என்னை முன்னுக்கு நிறுத்திக் காளாஞ்சி வாங்கிக் கொடுத்தார். தாம்பாளத்தில் தேங்காய், பழம், வெற்றிலை, அதோடு கோயிலில் நமக்கென்று ஒரு இடம். நான் சால்வையைச் சரிசெய்துகொண்டு வாங்கினேன். அக்கா பெண்கள் பக்கம் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். இப்படி இரண்டு வருடம் நான் பூமணியின் மகனாக மிகவும் சௌகரியமாக வாழ்ந்தேன்.

அதற்குள் எங்கள் கந்தோரிலேயே வேலை செய்த ஒருத்தியை விரும்பிவிட்டேன். பெரியகல்லாற்றுப் பெண். அவளிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தேன். அவள் சிரிசிரியென்று சிரித்துவிட்டு, "எண்டாலும் வீட்ட கேட்டா என்ன சொல்லுவாங்களோ தெரியா" என்றாள். வீட்டில் கேட்டார்கள். நான் யார், எவர் என்று விசாரித்தார்கள். நாலு ஊரும் ஒரே வாயாகச் சொன்னது: பூமணியின் மகன். அவர்களும் அதே குடி.

"தங்கச்சியக் கட்டக் கேக்கிறானா இவன்?" என்று அவளுடைய தகப்பன் கேட்டதாகத் தகவல் வந்தது. அவளைக் கந்தோருக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். திருக்கோவிலில் வேறொரு மாப்பிள்ளையும் பார்த்தாயிற்று.

நான் வீடு வீடாகப் போய் உண்மையைச் சொன்னேன். என் அம்மா காமாட்சி, இன்னும் பதுளையில் உயிரோடு இருக்கிறார், எனக்கும் பூமணிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று. ஒருவரும் நம்பவில்லை. நம்பாததோடு விட்டார்களா? ஒரு பெண்ணுக்காகப் பெற்ற தாயையே மாற்றுகிறான் என்று பேசிக்கொண்டார்கள். பொய் சொன்ன காலத்தில் எனக்கு இருந்த நல்ல பெயர் உண்மை சொன்ன வாரத்தில் போய்விட்டது.

கடைசியில் மாமாதான் ஒரு வழி சொன்னார். "தாயக் கூட்டித்து வா. நான் பாத்தாத் தெரியும்." கண் தெரியாத மனிதர் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது என்று ஏற்பாடு. எனக்கு வேறு வழி இல்லை. அம்மாவைக் கூட்டிவந்தேன். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் படித்துப் படித்துச் சொன்னேன்: "அம்மா, நீ பூமணியான்னு கேப்பாங்க. இல்லைன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

மாமா கோயில் முன்மண்டபத்தில் வாங்கில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கரும் குடிப் பெரியவர்களும் பெரியகல்லாற்றிலிருந்து வந்த பெண் வீட்டாரும் இருந்தார்கள். பெண்கள் தூணோரம் நின்றார்கள், அக்காவும் அங்கேதான். அம்மா போய் முன்னால் நின்றதும் மாமா கையை நீட்டினார். அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தார். நாற்பது வருடம் கொழுந்து பறித்த கை, காய்த்துப்போய் இருந்தது.

"பூமணி" என்றார். "என்ன மன்னிச்சிரு தங்கச்சி. அண்டைக்கு நான் அப்பிடிச் சொல்லியிருக்கப்படா." அந்தக் கிழவர் அத்தனை பேர் முன்னாலும் விம்மி விம்மி அழுதார்.

அம்மா என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அழுவாதீங்கண்ணே. பழசெல்லாம் நான் மனசுல வைக்கல."

என் கலியாணம் அந்த இடத்தில் முடிந்தது. நான் அம்மாவைத் தூணுக்குப் பின்னால் இழுத்து, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"அழுவுற மனுசன்கிட்ட நான் அது இல்லைன்னு எப்படிடா சொல்றது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். ஒரு அன்பான பெண்ணைச் சமாளிக்கலாம். இரண்டு பேரை ஒருவனால் முடியாது.

பெரியவர்கள் எழும்பப் போனார்கள். அப்போதுதான் அக்கா தூணோரத்திலிருந்து முன்னுக்கு வந்தார். கையில் ஒரு பொலித்தீன் உறை இருந்தது.

"மாமா, இவ பூமணிச் சின்னம்மா இல்ல."

"உனக்கென்னகா தெரியும்? நீ அப்ப கைப்புள்ள."

"சின்னம்மா செத்து ஏழு வருசம் மாமா."

அக்கா குனிந்த தலை நிமிராமல் சொன்னார்: "கதிர்காமம் போறம் எண்டு சொல்லித்துப் போனமே, அந்தக் கிழமை நாங்க பண்டாரவளைக்குத்தான் போன. தேடிப் பிடிச்சிப் போகக்குள்ள எல்லாம் முடிஞ்சி மூணு மாசம். அந்த லொறிக்காரர் முதலே செத்துப்போனாராம். புள்ளை குட்டி இல்ல. உங்களுக்குச் சொன்னாத் தாங்கமாட்டிங்க எண்டு நான்தான் சொல்லல."

உறைக்குள் இருந்தது இறப்புச் சான்றிதழ். வண்ணக்கர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரத்து வாசித்தார். பெயர், வயது, காரணம். தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது.

"இந்தப் பொம்புளை ஆரு?" என்று மாமா கேட்டார்.

"பக்கத்து லயத்துக்காரி. அவதான் கடைசி வரைக்கும் சோறு குடுத்துப் பாத்த. அவதான் காரியமும் செய்விச்ச."

"பூமணிக்கு அவ என்ன முறை?"

"ஒருத்தரும் இல்ல மாமா."

மாமா நான் நின்ற பக்கமாகக் கையைக் காட்டினார். "அப்ப இவன்?"

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. "ஆஸ்பத்திரிக்குள்ள விடல்ல எண்டு நான் சொன்ன பொய் அது. இவரும் எனக்கு ஒருத்தரும் இல்ல."

வடிகட்டி விற்க வந்தவரைக்கூட வெறும் ஆளாக அனுப்பாத மனுசி, அதைக் கோயிலில் நின்று சொன்னார். அண்ணன் முறை அற்று, திருக்கோவில் மாப்பிள்ளையும் நின்றுபோய், எனக்குப் பெண் கிடைத்தது அந்தச் சொல்லால்தான், நியாயமாக நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. நானும் அழுதேன். சந்தோசத்தில் அழுகிறான் என்று பெரியகல்லாற்றுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

மாமா ஏழு வருடம் பிந்தித் தங்கச்சிக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார். அதற்கு என் அம்மாவையும் வரச் சொன்னார். அம்மா வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வந்து, தான் ஒருநாளும் காணாத பூமணிக்காகச் சொந்தக்காரர்களைவிட நன்றாக அழுதார். அன்றிலிருந்து சாகும்வரை மாமா என் அம்மாவைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார், அம்மாவும் அண்ணே என்றார். அக்காவோடு மட்டும் மாமா ஒன்றரை வருடம் பேசவில்லை. சோற்றை மட்டும் அவர் வீட்டில்தான் சாப்பிட்டார். பேசாமல் சாப்பிட்டார்.

எனக்குத்தான் முறை மாறியது. என் மனைவி அக்காவின் குடி, ஆகவே அக்காவுக்குத் தங்கச்சி முறை. நான் தங்கச்சியின் புருசன். கலியாண வீட்டில் அக்கா பெண் பக்கத்தில் நின்று, "வாங்க மச்சான், இரிங்க மச்சான்" என்று என்னை வரவேற்றார். முறை என்றால் முறைதான், அதில் அவர் பிசகமாட்டார். அதற்குப் பிறகு பதினான்கு வருடமாக நான் மச்சான்தான், நீங்கள்தான். நான் அவரை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல், ஒன்றும் கூப்பிடாமல், எதிரே போய் நின்றுகொண்டு பேசப் பழகினேன். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். தாய்வழி அவர்களும் அதே குடி. என் வீட்டில் குடி இல்லாத ஆள் இப்போது நான் ஒருவன்தான்.

போன மாதம் அக்காவுக்கு வயிற்றில் ஒரு சத்திரசிகிச்சை. அதே நகரத்து ஆஸ்பத்திரி. நாலு ஊர்ச் சொந்தமும் மாறி மாறிப் போய்ப் பார்த்தது. ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒவ்வொருவரும் மற்றவர்கள் போவார்கள் என்று நினைத்துவிட்டார்கள். அது பதினொரு மணிக்குத்தான் என் மனைவிக்குத் தெரியவந்தது. அவளுக்குக் கந்தோரில் கணக்காய்வு, எழும்ப முடியாது. யாராவது போகிறவர்களிடம் கொடுத்துவிடலாம் என்று அவள் காலையில் அக்காவுக்குப் பத்தியமாகச் சமைத்து வைத்ததை நான் பெட்டியில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

பெண்கள் வாட்டு வாசலில் புதிய காவலாளி ஒருவர் நின்றார்.

"ஆம்பிளையள விட ஒண்ணா ஐயா. என்ன முறை?"

"மனைவியின் அக்கா."

"அதெல்லாம் சரிவராது. மகன், புருசன், கூடப்பிறந்த ஆக்கள் எண்டாத்தான் விடலாம்."

உள்ளே எல்லாக் கட்டிலிலும் ஆட்கள் குனிந்து சோறு போட்டுக்கொண்டிருந்தார்கள். கோடியில் ஒரு கட்டிலில் மட்டும் அக்கா வாசலைப் பார்த்தபடி சாய்ந்திருந்தார்.

"நான் தம்பி" என்றேன்.

"இப்பதானே வேற முறை சொன்ன நீங்க? கூடப்பிறந்த தம்பியா?"

"சின்னம்மாவின் மகன். பூமணிச் சின்னம்மா. பண்டாரவளைக்குப் போனவர்."

அவருக்குப் பூமணியையும் தெரியாது, ஒன்றையும் தெரியாது. ஆனால் ஊர் பேர் விபரத்தோடு வந்த பொய்யைத் திருப்பி அனுப்ப அவருக்கும் மனம் வரவில்லை போலும். வழிவிட்டார்.

நான் சோற்றைப் பிசைந்து, சொதியை விட்டு, பீங்கானை அக்காவின் கையில் கொடுத்தேன்.

"என்ன சொல்லித்து மச்சான் உள்ளுக்கு வந்த நீங்க?"

"பூமணியின் மகன் என்று."

பக்கத்துக் கட்டில் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஆருகா இவரு?" என்று கேட்டார். அக்கா ஒரு வாய் சாப்பிட்டார். இன்னும் ஒரு வாய் சாப்பிட்டார்.

"தம்பி" என்றார். "என்ட சின்னம்மாட மகன்."

பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சரியான உறைப்பா இரிக்கிடா."

டொக்டர் சொல்லியிருந்தபடி அந்தச் சொதியில் ஒரு மிளகாய்கூடப் போடவில்லை.

"ஓம் அக்கா, கொஞ்சம் கூடித்தான் போச்சு" என்றேன்.